அண்ணாச்சி மகளும் ஓடைப் பூச்சியும்

போன ஞாயிற்றுக்கிழமை மாரத்தஹள்ளியில் இருக்கும் ஒரு அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். அவர் மகள் எம்.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டு, மலை ஓடைப் பூச்சிகளை இனம் பிரித்துப் பெயர் வைக்கும் ஆராய்ச்சிக்குப் போகணும் என்கிறாள். அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"பாருங்க தம்பி, பெங்களூரே சாஃப்ட்வேர்ல சம்பாதிக்குது. இவ புழுவுக்குப் பேர் வைக்கப் போறாளாம்!"

அங்கே ஒன்றும் பேசாமல் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். (அண்ணாச்சி கோபம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.) இங்கே சொல்கிறேன். பாப்பாவைப் போக விடுங்க அண்ணாச்சி.

அவள் சொல்வது மேஃப்ளை என்ற பூச்சியை. ஈசல் இல்லை, அது கறையான் வகை. மேஃப்ளைக்கு இறக்கை முளைத்த பிறகு ஆயுள் சில மணி நேரமோ ஓரிரு நாளோதான். சாப்பிட வாய்கூட வேலை செய்யாது. ஆனால் அதற்கு முன்னால் மாதக்கணக்கில் இளம்பூச்சியாக ஓடைக் கல்லுக்கடியில் ஒட்டிக்கொண்டு, வயிற்றோரச் செவுள்களால் மூச்சு விட்டு வாழ்கிறது.

சிக்கல் இங்கேதான். இந்த இனங்களைப் பிரிக்கப் பழைய நிபுணர்கள் பெரிதும் நம்பியது பறக்கும் ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை. அது ஒரு சாயங்காலம் பறந்து செத்துப் போகிறது, கையில் கிடைப்பது இளம்பூச்சிதான். அதைச் சாராயத்தில் போட்டு, தாடை, உதடு, நகம், செவுள் என்று தனித்தனியாகப் பிரித்து, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு மயிராக எண்ணிப் படம் வரைந்து, 'இது புதுசு' என்று நிரூபிக்க வேண்டும். நாம் ஒரு பக் தேடவே அலுத்துக்கொள்கிறோம் :-)

"வளர்ந்த பூச்சியைப் பார்க்காமல் பெயர் வைக்கலாமா? ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் விழுந்துவிடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். முதிர்ந்த இளம்பூச்சியை ஓடையிலேயே கூண்டுக்குள் விட்டு, இறக்கை முளைக்கும்வரை காத்திருந்து, கழற்றிய தோலோடு சேர்த்து வைப்பதுதான் சுத்தமான வழி. இப்போது டி.என்.ஏ. பார்கோடை வைத்தும் இரண்டையும் இணைக்கிறார்கள். இரண்டுக்கும் வசதி இல்லாவிட்டாலும் பெயர் வைக்க வேண்டும் என்பதே என் கட்சி. இரண்டு பெயர் விழுந்தால், பொதுவாக முதலில் வைத்தது நிலைக்கும் என்று விதியே இருக்கிறது. ஆனால் ஓடை மேல் ரோடு போட்டுவிட்டால் எந்த விதியை வைத்துப் பூச்சியைத் திரும்பக் கொண்டு வருவது?

இதையெல்லாம் வெள்ளைக்காரன் செய்வான் என்று நினைக்க வேண்டாம். மதுரைக் கல்லூரியில் இருந்த கே.ஜி. சிவராமகிருஷ்ணன் 1984-ல் ஒரு புதுப் பேரினத்தையே விவரித்தார். அதில் ஒரு இனத்தின் பெயர் பீட்டர்சுலா கோர்ட்டலென்சிஸ். ஆமாம், நம்ம குற்றாலம்தான்! வருஷா வருஷம் சீசனுக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்த நமக்கு, ஊர் பேரில் ஒரு பூச்சி இருப்பது தெரியாது. அவரும் கே.ஏ. சுப்ரமணியனும் இந்திய நீர்ப்பூச்சிகளுக்கு எழுதிய கையேட்டை 2007-ல் வெளியிட்டது இதே பெங்களூரில் இருக்கும் ஏட்ரீ நிறுவனம்.

நாம் இங்கே குழாயில் பிடிக்கும் காவிரி குடகு மலையில் பிறந்து வருவது. மேஃப்ளையில் பல இனங்கள் சாக்கடை கலந்த தண்ணீரில் பிழைக்காது. ஓடை கெடுகிறதா என்று பார்க்க அவற்றைக் கணக்கெடுக்கிறார்கள். பெயரில்லாத பூச்சி அந்தக் கணக்கில் 'ஏதோ ஒன்று' என்றுதான் ஏறும். அந்த 'ஏதோ ஒன்று' காணாமல் போனால் யாருக்குத் தெரியும்?

அண்ணாச்சி பயப்படுவதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தப் படிப்புக்கு நிரந்தர வேலை குறைவு, மாப்பிள்ளை வீட்டில் விளக்கிச் சொல்வதும் கஷ்டம். ஆனால் லே-ஆஃப் பயத்தில் தூங்காத ராத்திரிகளை இந்த ஊர் சாஃப்ட்வேர்க்காரர்களும் பார்த்தவர்கள்தானே?

அடுத்த சீசனுக்கு ஊருக்குப் போகும்போது, அனுமதி உள்ள ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிக் காட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. வால் மூணா ரெண்டா என்று எண்ணிப் பாருங்க, கல்லை இருந்த மாதிரியே வைத்துவிட்டு எனக்கு ஒரு போன் போடுங்க.