ஹேண்டில் போனால் பேட் போச்சா?

மண்வெட்டிக் கணை முறிந்தால் இரும்பை யாராவது குப்பையில் போடுவார்களா? அரிவாள் பிடி ஆடினால் அரிவாளையே ஆற்றில் எறிவார்களா? நம் ஜில்லாவில் எந்த விவசாயியிடம் கேட்டாலும் நம்மை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். ஆனால் அதே விவசாயியின் பேரன், கிரிக்கெட் பேட்டின் ஹேண்டில் லேசாகக் கிரீச் என்றதும் பேட்டைப் பரணில் போட்டுவிட்டுப் புதுசு கேட்கிறான். அப்பா வாங்கிக் கொடுக்கிறார். கடைக்காரரோ, "இது ரிப்பேருக்குத் தேறாது சார், புதுசு வாங்கிக்கிடுங்க" என்கிறார். இந்த மூன்று பேர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. மூன்றாவது ஆள் மேல் கொஞ்சம் அதிகம்.

பேட் என்பது ஒரே கட்டை என்று நினைத்துக்கொண்டிருப்பதால் வருகிற வினை இது. பேட்டில் இரண்டு பொருள் இருக்கிறது. பந்தை அடிக்கும் பலகை வில்லோ மரம். நம் பையன்கள் கையில் இருப்பது பெரும்பாலும் காஷ்மீர் வில்லோ. கைப்பிடி பிரம்பு. பிரம்புத் துண்டுகளை ஒட்டி, நடுவே ரப்பர் பட்டை கொடுத்து, கீழ்முனையை ஆப்பு மாதிரி சீவிப் பலகைக்குள் இறக்கியிருப்பார்கள். அடியின் அதிர்ச்சி கைக்கு ஏறாமல் பிரம்பும் ரப்பரும் வாங்கிக்கொள்ளும். 1880களில் இந்த அமைப்பைக் கொண்டுவந்தவர் என்று சார்லஸ் ரிச்சர்ட்சனைச் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் செவர்ன் ரயில் சுரங்கத்தின் முதல் தலைமைப் பொறியாளர் அவர். பாலமும் சுரங்கமும் கட்டுகிறவனுக்கு அதிர்ச்சி எங்கே போய் நிற்கும் என்று தெரியுமல்லவா!

இரண்டு பொருள், இரண்டு ஆயுள். சிமெண்டுத் தரையில் டென்னிஸ் பந்து விளையாடுகிறவன் யார்க்கரைத் தடுத்துத் தடுத்து அடிமுனையைப் பிளந்துவிடுவான். ஹேண்டில் கல்லு மாதிரி இருக்கும். இன்னொருவன் பேட்டில் பலகை பளபளவென்று இருக்கும், கைப்பிடி முறிந்திருக்கும். இவன் ஹேண்டிலை அவன் பலகையில் இறக்கினால் ஒரு பேட். இதற்குப் பெரிய படிப்பு வேண்டுமா?

மாஞ்சோலையில் நான் 19 வருடம் வாத்தியாராக இருந்தேன். அங்கே இதை யாரும் அதிசயமாக நினைத்ததில்லை. கவாத்துக் கத்திக்குப் பிடி போடத் தெரியாத வீடு லைனில் கிடையாது. ஊத்து, நாலுமுக்கு பக்கம் மழை எப்படி என்று பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த ஈரத்தில் பேட் தாங்காது. பழைய பேட்டுகளில் வச்சிரப் பசை போட்டிருப்பார்கள். ஈரம் பட்டால் அது இளகும். ஒரு மழைக்காலம் முடிந்தால் பாதி பேட்டுகளுக்குக் கழுத்து ஆடும். அம்பாசமுத்திரத்துக்கு இறங்கிப் புதுசு வாங்க எந்தப் பையனிடம் காசு? ஞாயிற்றுக்கிழமை ஆசாரி வீட்டு வாசலில் நாலைந்து பேட் சாத்தி வைத்திருக்கும். கூலி பெரும்பாலும் ஒரு டீயும் பீடிக்கட்டும்தான்.

அவரிடம் பார்த்துப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். பெயரைப் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். வேலையைச் சொல்லத் தடையில்லை.

உடைந்த பேட்டிலிருந்து ஹேண்டிலை எடுக்க வேண்டுமென்றால், ரப்பர் கிரிப்பைக் கிழிக்காமல் உருட்டிக் கழற்றி, நூல்கட்டை அவிழ்த்துவிட வேண்டும். பலகைக்குள் இறங்கியிருக்கும் ஆப்பின் நுனிக்கு இரண்டு அங்குலம் கீழே ரம்பத்தால் அறுத்து, வில்லோவை நார் வாக்கில் உளி வைத்துப் பிளந்தால் ஓடு கழல்வது போலக் கழலும். உளி பிரம்புக்குள் ஏறிவிடக் கூடாது, அவ்வளவுதான் கவனம். வச்சிரமாக இருந்தால் வெந்நீர்த் துணி சுற்றி வைத்தால் பசை இளகிவிடும். ஃபெவிகால் என்றால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஏற்கிற பலகையில் இருக்கும் முறிந்த ஹேண்டிலைத் தோள் மட்டத்தில் அறுத்துவிட்டு, உள்ளே கிடக்கும் பிரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து எடுப்பார். இங்கே அவசரப்பட்டுப் பள்ளத்தின் சுவரைச் சீவிவிட்டால் பலகையும் வீண். பிறகுதான் பொருத்தம் பார்ப்பது. ஆப்பின் இரு பக்கமும் பென்சில் கரியைத் தேய்த்து இறக்கி எடுப்பார். எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கே இடிக்கிறது என்று அர்த்தம். அதை மட்டும் ஒரு சீவு. மறுபடி இறக்குவது, மறுபடி சீவுவது. பத்துத் தடவையாவது நடக்கும். இடைவெளியில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கிறவனை அவர் ஆசாரி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். பசை போட்டு, கொட்டாப்புளியால் தட்டி இறக்கி, கயிறு முறுக்கி இறுக்கி ஒரு நாள் முழுக்க அசையாமல் வைக்க வேண்டும். அப்புறம் பசை தடவிய நூலை நெருக்கமாகச் சுற்றிக் கிரிப்பை ஏற்றினால் முடிந்தது.

"மேட்சில் ஹேண்டில் கழன்று பறந்து யார் மண்டையிலாவது பட்டால்?" என்று ஒரு கோச் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பொருத்தம் சரியில்லாத ஹேண்டில் ஆபத்துதான். லெதர் பந்தில் வேகப்பந்தை ஆடுகிற பையனுக்கு, கைதேர்ந்தவர் போட்ட ஹேண்டிலாக இருந்தால் மட்டுமே கொடுங்கள். ஆனால் ஊர்ப் பையன்களில் எத்தனை பேர் லெதர் பந்து ஆடுகிறார்கள்? கடையில் வாங்கிய மலிவுப் பேட்டில் ஹேண்டில் ஆடுவதை அதே கோச் பார்த்ததே இல்லையா? இன்னொன்று, விதி இதைத் தடுக்கவில்லை. கிரிக்கெட் சட்டத்தில் கைப்பிடி முக்கியமாகப் பிரம்பு அல்லது மரத்தால் ஆனதாக இருக்க வேண்டும் என்றும், மொத்த நீளத்தில் 52 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும்தான் இருக்கிறது. அது எந்தப் பேட்டிலிருந்து வந்தது என்று எந்த அம்பயரும் கேட்கப் போவதில்லை. 1979இல் டென்னிஸ் லில்லி அலுமினிய பேட்டோடு பெர்த்தில் இறங்கினாரே, அதற்குத்தான் சண்டை வந்தது.

இனி எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிற இடத்துக்கு வருகிறேன்.

நல்ல ஹேண்டிலுக்கு எடுப்பது 'சிங்கப்பூர் கேன்' என்று வியாபாரிகள் சொல்லும் தடித்த பிரம்பு. அதில் பேர்போன மனாவ் பிரம்பு சுமத்ரா, மலேயாக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும் கொடி. அது மூங்கில் மாதிரி கிளைத்துக் கிளைத்து வருவதில்லை. ஒற்றைத் தண்டு. வெட்டினால் அந்த வேரிலிருந்து மறுபடி துளிர்க்காது. வெட்டும் பருவத்துக்கு வரவே பத்துப் பதினைந்து வருடம் ஆகும். இப்படி வளர்ந்து கடல் தாண்டி வந்த பொருளை, பலகை பிளந்துவிட்டது என்று வெந்நீர் அடுப்பில் வைக்கிறோம்.

காட்டைப் பற்றிப் பேச நமக்கு வாய் நிறைய இருக்கிறது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த மலை அது. குத்தகை முடிய நாலு வருடம் இருக்கும்போதே, 2024இல், தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நாலு தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள் பாத்திரம் பண்டங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கின. புலிகள் காப்பகம், காடு மீள வேண்டும் என்றார்கள். மீளட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் காடு காடு என்று மேடையில் பேசிய பெரிய மனிதர்கள் வீட்டுப் பிள்ளைகள் வருடத்துக்கொரு பேட் மாற்றுகிறார்கள். ஒரு பொருளைத் தேய்ந்து தீரும் மட்டும் வைத்துப் பிழைத்த ஜனங்களைக் கீழே இறக்கிவிட்டு, காட்டைக் காக்கும் பாடம் யார் யாருக்கு எடுப்பது?

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் கொடுத்தது நல்ல காரியம், குறை சொல்லமாட்டேன். கொடுத்த பேட்டின் கழுத்து ஆடினால் யாரிடம் கொண்டுபோவது என்று ஒரு வரி உத்தரவு உண்டா? ஊருக்கு ஊர் தச்சு வேலை தெரிந்தவர் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை ஒரு நாள் கூலி கொடுத்து உட்காரவைத்தால் போதும். நான் பார்த்த ஒரு பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமில் 11 பேட் கிடந்தது. ஏன் ரிப்பேர் செய்யவில்லை என்றால், "ரைட் ஆஃப் பண்ணியாச்சு சார்" என்று பதில். அந்தப் பதினொன்றில் ஆறாவது தேறும் என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிட்டு வந்தேன். தரமாட்டார்களாம், ஆடிட் ஆட்சேபணை வருமாம். கரையான் தின்றால் ஆட்சேபணை இல்லை போலும்.

ஆசாரி இப்போது கீழே மகன் வீட்டில் இருக்கிறார். கை நடுக்கம் இல்லை, கண்தான் கொஞ்சம் மங்கல். மாதம் இரண்டு தடவை என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார். கூலி 250 ரூபாய், நூலும் பசையும் சேர்த்து. இப்போதைக்கு எடுத்துச் சுத்தம் செய்த ஹேண்டில் ஏழு இருக்கிறது. நாலு பெரியது, மூன்று பள்ளிப் பிள்ளைகள் அளவு. பலகை மட்டும் நன்றாக இருக்கிற பேட் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் பேரனிடம் கொடுத்தனுப்புங்கள். பையன் கூடவே உட்கார்ந்து பென்சில் கரி தேய்க்க வேண்டும் என்பது ஆசாரியின் நிபந்தனை.