கிரகம் பிடித்ததா? வரி பிடித்ததா?

வியாபாரம் மந்தமானால் நம் வியாபாரிகளுக்கு முதலில் நினைவு வருவது கணக்குப் புத்தகமல்ல, பஞ்சாங்கந்தான். தியாகராய நகரில் கடை வைத்திருப்பவரானாலும் சரி, ஆம்பூரில் தோல் பதனிடுபவரானாலும் சரி, "சனி பார்க்கிறான்" என்று மயிலாப்பூர் மாடவீதியில் பரிகாரம் தேடப் புறப்பட்டு விடுகிறார்கள்.

2025ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் நடந்ததைக் கவனியுங்கள். அமெரிக்க சர்க்கார் நம் சரக்குகளில் பெரும்பாலானவற்றின் மீது 7ந் தேதி முதல் 100க்கு 25 வீதம் வரி போட்டது. ருஷ்யாவில் எண்ணெய் வாங்குவதைக் காரணம் சொல்லி 27ந் தேதி முதல் இன்னுமொரு 25 ஏற்றிற்று. ஆக 100க்கு 50. இதில் எந்தக் கிரகம் கையெழுத்துப் போட்டது? மனிதன் போட்ட வரிக்கு நவக்கிரகத்தைச் சுற்றி என்ன பயன் என்று கேட்கிறோம்.

வரியைக் கட்டுகிறவன் அங்கே சரக்கை இறக்குமதி செய்கிறவன்தான். ஆனால் அவன் "விலையைக் குறை" என்று இங்கே எழுதுகிறான். ஆர்டர் போய்விடுமே என்று பயந்து முதலாளி விலையைக் குறைக்கிறார். குறைத்ததைக் கூலியில் பிடிக்கப் பார்க்கிறார். கடைசியில் அந்த வரி வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் செருப்புத் தைக்கும் பெண்ணின் தலையில் வந்து இறங்குகிறது.

தோலைத் தொட்டவனைத் தீண்டாதவன் என்று ஒதுக்கிய இந்த ஜாதி மதம், அந்தத் தோல் கப்பலேறிப் பணமாய்த் திரும்பும்போது தீட்டுப் பார்ப்பதில்லை! லாபத்தில் பங்கு கொடுக்காதவர்கள் நஷ்டத்தில் மட்டும் தொழிலாளியைப் பங்காளியாக்குவது என்ன யோக்கியதை?

வரி ஆயுதமாவது புதிதல்ல. 1919லேயே வெள்ளைக்கார சர்க்கார் பதனிடாத தோல் ஏற்றுமதிக்கு 100க்கு 15 வரி போட்டு, தன் சாம்ராஜ்யத்துக்குள் பதனிடும் தோலுக்கு மட்டும் அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தள்ளிக் கொடுத்தது. ஆகையால் எந்த வரியானாலும் அது யாருடைய நன்மைக்கு என்று கேட்கப் பழக வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியதென்ன? ஒரே தேசத்தை நம்பிப் பிழைப்பதை விட வேண்டும். 2025 ஜூலை 24ல் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சுவிட்சர்லாந்து, நார்வே முதலிய நான்கு நாடுகளோடு செய்த ஒப்பந்தம் அவ்வருஷம் அக்டோபர் 1 முதல் அமுலுக்கு வந்தது. அந்தக் கதவுகளைத் தட்டலாம். தனித்தனியே நலியும் சிறு பட்டறைக்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து சரக்கை வாங்கி விற்கலாம். அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தண்ணீர்ச் செலவைக் குறைத்துப் பதனிடும் வழியை அங்கே போய்க் கேட்கலாம். பரிகாரத்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவிட்டால் போதும்.

தொழிலாளத் தோழர்களே! கூலியைக் குறைக்க வந்தால் விதியென்று தலைகுனியாதீர்கள். சங்கமாய்ச் சேர்ந்து கணக்கைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.