இரவு 8.47

சென்ற மாதம் கைக்கு வந்த ஓர் இதழில், ஒளிப்படம் எடுப்பதே தியானம் என்று ஒரு கட்டுரை. காமிராவோடு பழவேற்காட்டு ஏரிக்குப் போய்ப் பூநாரைகளின் முன் நின்றால் நேற்றும் நாளையும் உதிர்ந்துபோகும், அந்தக் கணம் மட்டும் எஞ்சும், மனச்சுமை இறங்கும் என்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து இதழ் நடத்தும் எங்களுக்கு அந்த ஏரி அக்கம்பக்கம். கட்டுரையை இரண்டு முறை படித்தும் கோபம் தணியவில்லை.

காமிரா மனத்தைக் குவிக்கும் என்பதில் மறுப்பில்லை. 36 படங்களோடு தீர்ந்துபோகும் ஃபிலிம் ரோலில் பழகியவர்களுக்கு அது தெரியும். ஷட்டரின் மேல் விரல் இருக்கையில் மூச்சு தானே மெதுவாகும். நேற்றை உதிர்க்கச் சொல்லும் இடத்தில்தான் மறுக்கிறோம். இன்று மைண்ட்ஃபுல்னெஸ் என்று கூவி விற்கப்படுவதன் மூலச்சொல் பாலியில் 'சதி', வடமொழியில் ஸ்மிருதி. நினைவு என்பதே அதன் முதற்பொருள். கவனிப்பதும் மறவாதிருப்பதும் அங்கே ஒன்று. "ஞாபகமா கதவைப் பூட்டு" என்று நம் அம்மாக்கள் சொல்வதிலும் அந்த இரண்டும் பிரியாமல் இருக்கின்றன. நினைவைக் கழித்துவிட்டு வெறும் கணத்தை வைத்துக்கொள்பவர்கள் பாதிச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

1950 ஏப்ரலில் ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே ப்ரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாள்களைப் படமெடுத்தவர் அவர். 14ஆம் தேதி இரவு, ஒளிவாலோடு ஒரு நட்சத்திரம் அருணாசல மலையை நோக்கி மெல்ல நகர்ந்ததைக் கண்டார். அவரும் உடனிருந்தவர்களும் உடனே கடிகாரத்தைப் பார்த்தார்கள்: 8.47. ரமணர் உடல் நீத்த நேரம். ஜென் வில்வித்தை பற்றிய ஹெரிகலின் நூலைப் போற்றியவர், கணத்தையே தம் கலையின் மையமாக்கியவர், அந்தக் கணத்தில் கரைந்துபோகவில்லை. நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

தாமஸ் மெர்ட்டனையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிறித்தவத் துறவி, காமிராவைக் காதலித்தவர். 1968 நவம்பரில் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் வந்து, அங்கிருந்து இலங்கைக்குப் போய்ப் பொலன்னறுவைப் புத்தர் சிலைகளின் முன் நின்றார். படமும் எடுத்தார், நாட்குறிப்பும் எழுதினார். டிசம்பர் 10இல் பாங்காக் அருகே இறந்தார். அந்த நாட்குறிப்பு இல்லாவிட்டால் அவர் பொலன்னறுவையில் எதைக் கண்டார் என்பது நமக்குக் கிடைத்திருக்காது.

பழவேற்காட்டுக்கு வருவோம். அந்த ஏரியையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் பக்கிங்ஹாம் கால்வாய் இணைக்கிறது. அந்தக் கழிமுகத்தில் கலக்கும் கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில், புயல்மழைக்குப் பின், கழிமுகமெங்கும் எண்ணெய் பரவியது. சிறகெல்லாம் கறுத்த கூழைக்கடாக்களின் படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். அவற்றை எடுத்தவர்களுக்கு மன அமைதி கிடைத்திருக்காது. ஆனாலும் அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் யாராவது முழுக் கவனத்தோடு ஒன்றைப் பார்த்தார்கள் என்றால் அது அவர்கள்தான். கட்டுரையில் பூநாரை இருக்கிறது. எண்ணெய் இல்லை, சாம்பல் இல்லை. யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடுவது என்பதைப் 'பாடு' என்ற முறையாகத் தலைமுறைகளாக நினைவில் வைத்திருக்கும் மீனவர்கள் ஒருவர்கூட இல்லை. பறவைக்குக் கீழே இருக்கும் தண்ணீரைப் பார்க்காத கண்ணைத் தியானக் கண் என்று நாங்கள் ஒப்பமாட்டோம்.

அடுத்த இதழில் இந்த மாவட்டத்து நீர்நிலைகளின் படங்களை வெளியிடுகிறோம். அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் இடம், நாள், நேரம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.