டன் கணக்குக்கு முன் தளக் கணக்கு!

சித்திரை, வைகாசியில் மேல்மாடி அறையில் படுத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், ராத்திரி பதினொரு மணிக்கும் சீலிங் ஃபேன் ஏன் அனலைக் கொட்டுகிறது என்று. ஃபேன் மீது குற்றமில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த காங்கிரீட் தளம், இருட்டிய பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குகிறது. இதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்திருக்கும் ஒரே வைத்தியம் ஏ.சி. "எத்தனை டன் மாட்டலாம்?" என்று கேட்கிறார்களே தவிர, "தளத்துக்கு மேலே என்ன போட்டிருக்கு?" என்று கேட்பார் யாருமில்லை. சிவில் டிப்ளமோ படிக்கும் நாமே கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பயப்பட வேண்டாம், ரெக்கார்டு நோட்டில் ஏற்ற வேண்டியதில்லை! பி.ஐ.எஸ். 1987-இல் வெளியிட்ட எஸ்.பி. 41 கையேட்டின்படி ஆர்.சி.சி.யின் வெப்பக் கடத்துதிறன் 1.58. தெர்மகோலுக்குச் சுமார் 0.035. அதாவது 25 மி.மீ. தெர்மகோல் செய்கிற வேலையைக் காங்கிரீட் செய்ய வேண்டுமானால் தளத்தின் கனம் 1 மீட்டரைத் தாண்ட வேண்டும்! 120 மி.மீ. தளம் எந்த மூலைக்கு?

10 சதுர மீட்டர் அறை. தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி, அறைக்குள் 26 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் இறங்கப் பிடிக்கும் நேரத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், வெறும் தளத்தின் வழியே இறங்குவது சுமார் 1,300 வாட். ஒரு அயர்ன் பாக்ஸை ஆன் செய்து தலைக்கு மேலே தொங்கவிட்ட மாதிரி. 1 டன் ஏ.சி.யின் சக்தி 3.5 கிலோவாட், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த அயர்ன் பாக்ஸை அணைக்கவே போய்விடுகிறது. 75 மி.மீ. வெதரிங் கோர்ஸும் அதன்மேல் தட்டோடும் இருந்தால் 900 வாட்டுக்குள் வரும். அத்துடன் 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். போர்டு சேர்ந்தால் 300-க்கும் கீழே.

வெதரிங் கோர்ஸ் என்பது நம் பொதுப்பணித்துறை ஸ்பெசிஃபிகேஷனில் பழைய அயிட்டம். 20 மி.மீ. செங்கல் ஜல்லி, நீர்த்த சுண்ணாம்பு, 32-க்கு 12½ என்ற விகிதம், மணல் கிடையாது. மரக்கட்டையால் வரிசையாக உட்கார்ந்து அடித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். அந்தக் காலத்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடித்தார்கள். மழைக்கும் காப்பு, வெயிலுக்கும் ஓரளவு காப்பு. இன்று பல சைட்டுகளில் இது சிமெண்ட் பூச்சாகச் சுருங்கிவிட்டது. இன்-பிளாண்ட் டிரெயினிங் போன இடத்தில் வீட்டுக்காரர் எஸ்டிமேட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எதுக்கு? ரெண்டு கோட்டிங் அடிச்சா தண்ணி நிக்காது. சூட்டுக்கு ஏ.சி. வாங்கிக்கறேன்" என்று அந்த வரியைப் பேனாவால் அடித்தார். எஞ்சினியரும் தலையாட்டினார். அடித்த கோடு ஒன்றுதான். அதற்கான கரண்ட் பில் வீடு நிற்கும்வரை வரும். அதையும் கட்டப்போவது மாடியில் வாடகைக்கு வருகிறவர்! மிச்சம் ஒருவருக்கு, வேர்வை இன்னொருவருக்கு. இது என்ன நியாயம்?

பழைய முறையே போதும் என்று நான் சொல்ல வரவில்லை. குடியிருப்புகளுக்காக 2018-இல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா, கூரையின் யு-மதிப்பு 1.2-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. வெறும் தளம் 3.3 காட்டும், வெதரிங் கோர்ஸ் போட்டாலும் 2.3 அளவில்தான் நிற்கும். ஒரு போர்டு சேர்ந்தால்தான் பாஸ் மார்க். அரியர் வைக்க வேண்டிய அவசியமே இல்லாத பேப்பர் இது.

எந்தப் பொருளை வாங்குவது? கடைக்காரர் எல்லாவற்றையும் "ஹீட் புரூஃப் சார்" என்றுதான் சொல்வார். கிளாஸ் வுல், ராக் வுல் இரண்டும் தீக்குத் தாங்கும். ஆனால் நனைந்தால் காப்பு போய்விடும். ஷீட் கூரைக்கு அடியில், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே அவற்றுக்கு இடம். மொட்டை மாடியில் ஆள் நடக்கும், வடாம் காயும், தண்ணீர் டேங்க் உட்காரும். அங்கே தண்ணீர் குடிக்காத, மிதி தாங்குகிற எக்ஸ்.பி.எஸ். போர்டுதான் சரி என்பது என் கட்சி. சாதா தெர்மகோல் விலை குறைவு, பாரம் தாங்குவதும் குறைவு. கரைப்பான் கலந்த பசையோ சூடான தாரோ பட்டால் உருகி ஓட்டை விழும். நுரைப் பொருள் எதையும் அறைக்குள் மூடாமல் விடவே கூடாது. லண்டன் கிரென்ஃபெல் டவரில் 2017-இல் 72 பேர் இறந்த தீ, வெளிச்சுவரில் போர்த்தியிருந்த எரியக்கூடிய தகடுகள் வழியாகத்தான் மேலே ஏறியது. அதன் பின்னால் இருந்த காப்பு நுரையும் சேர்ந்து எரிந்தது.

"மேலே எதற்கு, அடியிலே சீலிங்கில் ஒட்டிவிட்டால் போதாதா?" என்பார்கள். கட்டி முடித்த வீட்டுக்கு வேறு வழியில்லாவிட்டால் செய்யலாம். ஆனால் தளம் வெயிலில் வெந்து, விரிந்து, சுருங்கி, விரிசல் விடுவது நிற்காது. குடையைத் தலைக்கு மேலேதானே பிடிக்கிறோம்?

பொருள் நல்லதாக இருந்தாலும் போடுகிற விதத்தில் கெட்டுப்போகும். முதலில் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பிலேயே மழைநீர்க் குழாய்ப் பக்கம் வாட்டம் கொடுத்து நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு வாட்டர் புரூஃப் பூச்சு. அதைக் கைப்பிடிச் சுவரிலும் ஒரு சாண் உயரம் ஏற்ற வேண்டும். இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழே ஈரம் தட்டவில்லை என்று பார்த்த பிறகே போர்டு. செங்கல் வரியைப் போல இணைப்புகள் மாறி மாறி வரவேண்டும். ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி விட்டு "சாந்து போட்டு அடைச்சிடலாம் தம்பி" என்பார் மேஸ்திரி. விடாதீர்கள்! அந்தச் சாந்து வழியாகத்தான் சூடு இறங்கும். "அண்ணே, ஒரு துண்டு வெட்டிச் செருகிடுங்க" என்றால் இரண்டு நிமிட வேலை. மேலே கோழி வலை வைத்துச் சிமெண்ட் பூச்சு, அதன்மேல் வெள்ளை ஓடு. கறுப்பு ஓடு பதித்தால் பாதிப் பலன் வீண்.

இவ்வளவுக்கும் வசதியில்லாத வீட்டுக்கு? பங்குனியிலேயே மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கை அடிக்கச் சொல்லுங்கள். தூசி படிந்தால் பலன் குறையும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். ஆனாலும் ஃபேன் காற்றில் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று. எல்லாம் முடிந்து ஆறு மாதம் கழித்து சோலார் ஹீட்டர் மாட்ட ஒருவர் டிரில்லோடு வருவார். நாலு போல்ட், பதினாறு ஓட்டை! ஸ்டாண்டு எங்கே வரும் என்று வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டு, வாட்டர் புரூஃப் பூச்சுக்கு முன்னாலேயே அந்த இடத்தில் காங்கிரீட் கட்டை கட்டிவிடுங்கள்.