தொண்ணூறு என்றால் தொண்ணூறாகவே இருக்கட்டும்

மேல்நிலை வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறவன் நான். பகடை உருட்டுவது, பையிலிருந்து சிவப்புப் பந்தை எடுப்பது, சீட்டுக்கட்டிலிருந்து ராஜாவை உருவுவது எல்லாம் பாடப்புத்தகத்தில் வருகிறது. கணக்கைப் பிள்ளைகள் போட்டுவிடுகிறார்கள். ஆனால் தொண்ணூறு சதவீதம் என்றால் எவ்வளவு நம்பலாம், பத்து சதவீதம் என்றால் எவ்வளவு பயப்பட வேண்டும் என்ற மனக்கணக்கை அவர்கள் விளையாட்டுத் திரையிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் திரை காட்டும் எண் பொய்யாக இருக்கக்கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வாள், மந்திரம், பறக்கும் குதிரை என்று கற்பனை உலகத்தில் நடக்கும் வியூக விளையாட்டுகளில் பெரிய பெயர் ‘ஃபயர் எம்ப்ளம்’. ஜப்பானின் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஷோஸோ காகா வடிவமைத்து 1990இல் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கு வந்தது. களம் முழுவதும் சதுரக் கட்டங்கள். நம் ஆட்களை எல்லாம் நகர்த்தி முடித்த பிறகு எதிரியின் முறை. 1996இல் வந்த ஆட்டத்திலிருந்து ஆயுதங்களுக்குள் ஒரு சுழற்சி உண்டு: வாள் கோடரியை வெல்லும், கோடரி ஈட்டியை வெல்லும், ஈட்டி வாளை வெல்லும். தாக்குவதற்கு முன்பே அடி விழ எத்தனை சதவீத வாய்ப்பு, எவ்வளவு சேதம் என்று ஒரு சிறு பெட்டி காட்டிவிடும். அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பெயரும் முகமும் கதையும் உள்ள ஒரு வீரன் களத்தில் விழுந்தால் அவ்வளவுதான். அடுத்த அத்தியாயத்தில் அவன் இல்லை. இந்த வகை ஆட்டங்களின் உயிர்நாடியே அந்த இழப்பு என்று நினைக்கிறேன். ஒருவன் போனால் போனதுதான் என்று தெரிந்தால்தான் அந்தச் சிறு பெட்டியில் உள்ள எண்ணை நாம் கவனமாகப் படிப்போம்.

அந்த எண்ணில்தான் சிக்கல். 2002இல் வந்த ஃபயர் எம்ப்ளம் தொடங்கி, திரையில் காட்டும் சதவீதமும் உள்ளே நடக்கும் கணக்கும் வேறு வேறு. முன்பெல்லாம் கணினி 0 முதல் 99 வரை ஓர் எண்ணை எடுக்கும்; அது காட்டிய சதவீதத்தைவிடக் குறைவாக இருந்தால் அடி விழும். 2002இல் வந்த அந்த முறையில் இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியைப் பார்த்தது. இரண்டு பகடைகளை உருட்டிக் கூட்டினால் ஏழு அடிக்கடி வரும், இரண்டும் பன்னிரண்டும் அரிதாக வரும் என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதே கதைதான் இங்கேயும். சராசரி நடுவிலேயே குவிவதால், திரையில் 90 என்று இருந்தால் உண்மையில் 98.1. 70 என்றால் 82.3. எதிரியின் பக்கம் 30 என்று காட்டினால் உண்மையில் 18.3; 10 என்றால் வெறும் 2.1. கணக்கை வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன். பத்தாயிரம் சோடிகளில் கூட்டுத்தொகை 180ஐ எட்டுபவை 190தான், முடிந்தது கணக்கு. இந்த வித்தை திரையில் எங்கும் சொல்லப்படுவதில்லை. ஆடுகிறவர்களே நிரலைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்ததுதான்.

இதற்கு நியாயம் சொல்பவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதில் விஷயமும் இருக்கிறது. மனித மனம் தொண்ணூறை ‘நிச்சயம்’ என்று எடுத்துக்கொள்கிறது. பத்தில் ஒரு முறை தவறும்போது ஆட்டம் ஏமாற்றுவதாகக் கோபப்படுகிறது. ‘சிவிலைசேஷன்’ விளையாட்டை உருவாக்கிய சிட் மெயர் 2010இல் விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில் இதைப் பற்றியே பேசினார். மூன்றுக்கு ஒன்று என்ற பலத்தில் மோதித் தோற்றவர்கள், இது நியாயமே இல்லை என்றார்களாம். அதற்குத் தக்கபடி கணக்கை வளைத்ததாகவும் சொன்னார். ஆடுபவர் சந்தோஷப்பட வேண்டும் என்பது விளையாட்டு செய்கிறவரின் தொழில். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நமக்குச் சாதகமாகச் சாய்ந்திருந்தாலும் தவறான தராசு தவறான தராசுதான். தொண்ணூறு ஏறக்குறைய தவறவே தவறாது என்று ஆயிரக்கணக்கான மோதல்களில் பழகிய பிள்ளை, அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் சொல்லும் தொண்ணூறு சதவீதத்தையும், வானிலை அறிக்கை சொல்லும் முப்பது சதவீத மழையையும் எப்படிக் கேட்டுக்கொள்ளும்? மனதில் இருக்கும் தப்பெண்ணத்தைத் திருத்த வாய்ப்பு கிடைத்த இடத்தில், அந்தத் தப்பெண்ணத்துக்கே தீனி போடுகிறோம்.

நேர்மையான எண்ணோடும் இந்த வகை ஆட்டம் நன்றாக நடக்கும் என்பதற்கு ‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’ சாட்சி. டேவிட் வைட் 2003இல் தொடங்கியது; இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. எங்கள் வீட்டில் இருக்கும் பழைய அரசு மடிக்கணினியிலேயே ஓடுகிறது. இதில் கட்டங்கள் அறுகோணம். அடி விழும் வாய்ப்பைத் தாக்குகிறவனின் திறமையைவிட, அடி வாங்குகிறவன் நிற்கும் இடமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வனதேவதை இனத்து வீரன் காட்டுக்குள் நின்றால் அவனுக்கு 60 முதல் 70 சதவீதம் பாதுகாப்பு. ஓர்க் என்னும் முரட்டு இனத்தான் வெட்டவெளியில் நின்றால் அவனுக்கு 40 மட்டுமே. பொழுதும் கணக்கில் சேரும். விடியல், காலை, பிற்பகல், அந்தி, இரவின் இரண்டு சாமங்கள் என்று ஆறு முறைகளில் ஒரு நாள் சுற்றி வரும். ஓர்க்குகளுக்கு இரவில் 25 சதவீதம் பலம் கூடும், பகலில் அதே அளவு குறையும். மனிதப் படைக்கு நேர் எதிர். ஒன்பது புள்ளி சேதம் செய்யும் ஓர்க்கின் வாள் நடு இரவில் பதினொன்று, நண்பகலில் ஏழு. எப்போது பாய்வது, எப்போது பின்வாங்கிக் காட்டோரம் பொழுதைக் கழிப்பது என்பதே இந்த ஆட்டத்தின் பாதி அறிவு.

போன விடுமுறையில் என் அக்கா மகன் இதில் உட்கார்ந்திருந்தான். அவன் செல்லமாக வளர்த்த மந்திரவாதி ஒருத்தி. இன்னும் இரண்டு மூன்று மோதல் தாண்டினால் மற்றவர்களைக் குணமாக்கும் வெள்ளை மந்திரவாதியாக உயர்ந்துவிடுவாள். இரவின் இரண்டாம் சாமத்தில் அவளை முன்னால் விட்டு ஓர்க் மீது ஏவினான். மந்திரத் தாக்குதலுக்கு எதிரி எங்கே நின்றாலும் 70 சதவீதம். மூன்று அம்புகளும் தவறின. அடுத்த முறையில் ஓர்க்கின் இரண்டு வெட்டும் விழுந்தன. ஏற்கெனவே கொஞ்சம் காயம் பட்டிருந்தவள் போய்விட்டாள்.

“மாமா, இது கள்ளாட்டம். எழுபதுன்னு போட்டிருக்கு, மூணும் தப்பிடுச்சு.”

“முப்பது சதவீதத்த மூணு தடவ பெருக்கிப் பாரு.”

“ரெண்டு புள்ளி ஏழு.”

“அப்ப இருநூறு சண்டையில எத்தன தடவ இப்படி ஆகும்?”

“அஞ்சாறு தடவ.” கொஞ்ச நேரம் பேசவில்லை. “அது இன்னிக்கா வரணும்?”

வெஸ்னாத்தில் புள்ளிவிவரம் என்று ஒரு பக்கம் இருக்கிறது. இதுவரை நீ செய்த மொத்த சேதம் எவ்வளவு, வாய்ப்புக் கணக்குப்படி எதிர்பார்க்கக்கூடியது எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டும். திறந்து காட்டினேன். அவன் செய்த சேதம் எதிர்பார்ப்பைவிடச் சற்றுக் கூடவே இருந்தது. அதாவது, அதிர்ஷ்டம் அவன் பக்கமே நின்றிருக்கிறது. அதன் பிறகு பையன் அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசவில்லை. வெட்டவெளியில் நிற்கும் அவளுக்கு இரண்டு வெட்டும் விழ வாய்ப்பு எவ்வளவு என்று அவனே பெருக்கிப் பார்த்தான்: 36 சதவீதம். “ராத்திரியில அவள முன்னால விட்டிருக்கக் கூடாது மாமா. ரெண்டு ஆள அவளுக்கு முன்னால நிறுத்திருக்கணும்.” ஒரு பருவம் முழுக்க நான் கரும்பலகையில் தொண்டை வறள நடத்தினாலும் கிடைக்காத பாடம் அது. திரையில் இருந்த 70 உண்மையான 70 என்பதால் மட்டுமே கிடைத்தது. உள்ளே ரகசியமாக 82 ஆக்கி வைத்திருந்தால், அந்தப் பெருக்கலுக்கு எந்த அர்த்தமும் இருந்திருக்காது.

நம் ஊரில் விளையாட்டுகளைப் பற்றிய பேச்சு இரண்டே விஷயத்தில் நின்றுவிடுகிறது: பணம், நேரம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியது, நல்லதுதான். ஆனால் பணம் புழங்காத ஆட்டத்தில் பிள்ளைகளின் கண்ணுக்குக் காட்டும் எண்களை யாரும் கேள்வி கேட்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே விளையாட்டுக்குள் வாங்கித் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளில் என்ன பொருள் எத்தனை சதவீதத்தில் விழும் என்பதை வெளியிட வேண்டும் என்று சீனா 2017 மே மாதமே விதி கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஆப்பிளும் தன் கடையில் விற்கும் செயலிகளுக்கு அதையே கட்டாயமாக்கியது. பெட்டிக்குப் பொருந்தும் நியாயம் வாளுக்கும் பொருந்தும்.

தடை எதையும் நான் கேட்கவில்லை. ஃபயர் எம்ப்ளமே இதற்கு வழி காட்டியிருக்கிறது. விழுந்த வீரன் திரும்பி வரக்கூடாது என்ற இருபது ஆண்டு விதியை அவர்கள் 2010இல் தளர்த்தினார்கள். பழைய முறையில் ஆடலாம், அல்லது விழுந்தவர்கள் அடுத்த அத்தியாயத்தில் திரும்பி வரும் எளிய முறையில் ஆடலாம்; ஆட்டம் தொடங்கும்போதே அதைக் கேட்டுவிடுகிறார்கள். யாரும் ஏமாற்றப்படவில்லை, புதிதாக வந்தவர்களும் பயந்து ஓடவில்லை. அதே இடத்தில் இன்னொரு கேள்வியையும் சேர்க்கலாம்: அடி விழும் வாய்ப்பு காட்டியபடியே இருக்க வேண்டுமா, உங்களுக்குச் சாதகமாகச் சற்றுக் கூட்டிக் குறைக்கவா? இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறவருக்குத் திரையில் 90க்குப் பதில் 98 என்றே எழுதிக் காட்டட்டும். முடிந்தால் வெஸ்னாத் போல ஒரு புள்ளிவிவரப் பக்கத்தையும் வைக்கட்டும்.