கர்ப்பிணியின் பல்வலியும் ஒரு நாள் பேரும்

குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் சில மாதங்களுக்கு முன், விடியற்காலைப் பெரட்டிலே கண்ட காட்சி இது. ஏழு மாதக் கர்ப்பிணியான பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், கன்னம் வீங்கி, தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, கடைவாயில் கிராம்பை அடக்கியபடி வாளியும் கத்தியுமாக நின்றிருந்தார். "ஏம்மா, பல் டாக்டரிடம் போகக் கூடாதா?" என்று கேட்டோம். "போனா இன்னைக்குப் பேரு விழாதுங்களே கிராணியாரே. புள்ளையை வயித்துல வச்சிக்கிட்டுப் பல்லுல கை வைக்கக் கூடாதுன்னு அத்தையும் சொல்றாங்க" என்றார்.

நான்காம் நாள் காய்ச்சலோடு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கினார்கள். பிள்ளைக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் ஒரு நாள் பேருக்குப் பயந்தவருக்கு ஆறு நாள் பேரு போயிற்று. செக்ரோலில் அந்த ஆறு கட்டங்களையும் வெறுமையாக விட்டது நமது கைதான். அதனாலேயே இதை எழுதுகிறோம்.

முதலில் அத்தைமார் சொல்லுக்கு வருவோம். அவர்கள் மீது நமக்குக் கோபமில்லை. பிள்ளைக்கு ஒரு பல் போகும் என்று காலங்காலமாக நம்பி வந்தவர்கள் அவர்கள். ஆனால் வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுவதில்லை. நடப்பது வேறு. கர்ப்ப காலத்தில் உடலில் பெருகும் ஹார்மோன்களால் ஈறு மென்மையாகி, பல்லோரம் சேர்ந்த சிறு அழுக்குக்கும் வீங்கி, இரத்தம் கசிகிறது. இரத்தத்தைக் கண்டு பயந்து பெண்கள் பல் துலக்குவதையே விட்டுவிடுகிறார்கள். அழுக்கு மேலும் சேர்கிறது, ஈறு மேலும் வீங்குகிறது. மசக்கை வாந்தியில் வரும் புளிப்பு நீரோ பல்லின் மேற்பூச்சை அரிக்கிறது. வாந்தி எடுத்தவுடன் பல் துலக்கினால் அந்த அரிப்பு இன்னும் கூடும். ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்பச் சோடாவைக் கலந்து கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்துத் துலக்க வேண்டும். சாம்பலும் கரியும் வேண்டாம். மென்மையான தூரிகையும் புளோரைடு கலந்த பற்பசையும் போதும்.

கர்ப்பிணிக்குப் பல் வைத்தியம் ஆகாது என்பதும் தவறு. அமெரிக்காவில் 800-க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2006-ல் வெளிவந்தது. ஈறு வைத்தியத்தால் குறைப்பிரசவம் குறையவில்லை என்பதை அது ஒளிக்காமல் சொன்னது. அந்த வைத்தியத்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் தீங்கு நேரவில்லை, தாயின் ஈறு நோய் தணிந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னது. சாதாரண வைத்தியத்துக்கு நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். வலியும் வீக்கமும் வந்துவிட்டாலோ மாதம் பார்க்க வேண்டியதில்லை. டாக்டரைக் கேளாமல் மாத்திரை வாங்கி விழுங்குவதுதான் ஆபத்து. டெட்ராசைக்ளின் என்ற மருந்தைக் கர்ப்பிணி சாப்பிட்டால், பின்னாளில் பிள்ளையின் பல் கறையோடு முளைக்கக் கூடும்.

பிள்ளையின் பால் பற்கள் தாயின் வயிற்றிலேயே உருவாகத் தொடங்கிவிடுகின்றன. சொத்தைக் கிருமியோ, பெரும்பாலும் தாயின் வாயிலிருந்தே, ஒரே கரண்டியில் ஊட்டுவது போன்ற வழிகளில் பிள்ளைக்குச் செல்கிறது. இனிப்பு டின் பாலைக் கரைத்துப் புட்டியில் ஊற்றி, உறங்கும் பிள்ளையின் வாயில் வைத்தால் முன்பற்கள் கருத்து உதிர்கின்றன. டின் பாலை எதிர்த்து 1939-லேயே சிங்கப்பூரில் குரல் எழுப்பியவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார். அவர் தம் பேச்சுக்கு வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. அவர் பேசியது பல்லைப் பற்றி அல்ல, சாகும் குழந்தைகளைப் பற்றி. அந்த டின் நம் லயங்களில் நுழைந்து எத்தனை தலைமுறை ஆயிற்று!

பினாங்கில் பல் தாதியர் பயிற்சி தொடங்கியது 1949-ல். பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க அவர்கள் ஊர் ஊராகச் சென்றார்கள். பெரிய தொண்டு அது. ஆனால் ஏழு வயதில் வாயைத் திறக்கும் பிள்ளைக்கு அதற்குள் பாதிப் பல் சொத்தையாகியிருக்கிறதே! கர்ப்பிணிகளுக்கான அரசாங்கப் பல் சுகாதாரத் திட்டமும் 1970-களில் வந்தது. ஜொகூரில் 1950-களின் பிற்பகுதியிலேயே குழாய்த் தண்ணீரில் புளோரைடு கலக்கத் தொடங்கினார்கள். கிணற்றுத் தண்ணீரையும் ஆற்றுத் தண்ணீரையும் குடித்து வளர்ந்த தோட்டத்துப் பெண்களுக்கு அந்தப் பலன் எங்கே கிட்டியது?

ஆக, திட்டம் இருக்கிறது, மருந்தகம் இருக்கிறது. கர்ப்பப் பரிசோதனைக்குப் போகும் நாளிலேயே பல்லையும் பார்க்கும்படி தாதியைக் கேட்கலாம். ஆனால் மருந்தகம் பட்டணத்தில், பேரோ தோட்டத்தில்! வலி வந்தபின் போகிறவர்களுக்குச் சட்டம் துணை நிற்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவின்படி, பல் டாக்டர் தரும் சான்றிதழுக்கும் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு உண்டு. ஆண்டுக்குரிய நோய் விடுப்பில் அது கழியும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். இது தெரியாத கிராணிமாரே உண்டு என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

வலி வருமுன் போகிறவளுக்கு என்ன? அவளுக்குப் பேரு இல்லை. வீங்கிய கன்னத்துக்குச் சம்பளம் உண்டு, வீங்காமல் பார்த்துக்கொண்டால் இல்லை என்பது என்ன நியாயம்? பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக 2023-ல் உயர்ந்தது. அதை வரவேற்ற நாம், அதற்கு முந்திய மாதங்களில் பல் பரிசோதனைக்காக இரண்டு அரை நாளைக் கேட்கிறோம். அந்த இரண்டு அரை நாளும் முழுப் பேராக விழ வேண்டும் என்கிறோம். ஆறு நாள் வெட்டாமல் கிடந்த நிரையில் நிர்வாகத்துக்கும் பால் நட்டம்தானே?

நடமாடும் பல் மருந்தக வண்டியைத் தோட்டத்துக்கு அழைக்க மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவது கிளைச் செயலாளர்களின் பொறுப்பு. வண்டி வரும் நாளில் ஆயாக் கொட்டகையில் தாய்மார்களைக் கூட்டி, தாதியைத் தமிழில் பேசச் சொல்ல வேண்டும். அத்தைமார்களுக்கு முன்வரிசையில் பாய் போடுங்கள். வீட்டில் தீர்ப்புச் சொல்கிறவர்கள் அவர்கள்தாம்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இது தீர்மானமாக வரட்டும். செக்ரோலில் அந்த அரை நாளை எப்படிக் குறிப்பது என்று நிர்வாகம் கேட்டால், அதைக் கிராணிமார் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.