கேட்டுக்கு உள்ள ஒரு மேடை

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. பேஸ் கிதாரின் தடித்த கம்பியை அப்படியே மீட்டினால் வருவது சுமார் 41 ஹெர்ட்ஸ். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர்னு ஃபர்ஸ்ட் இயர்லயே படிச்சாச்சு. வகுத்துப் பாருங்க, ஒரு அலையின் நீளம் எட்டு மீட்டரைத் தாண்டும். கிட்டத்தட்ட ஒரு மினி பஸ் நீளம். உங்க போன் ஸ்பீக்கருக்கு அதை எழுப்பும் தெம்பு கிடையாது. மேலே இருக்கிற ஹார்மானிக்ஸை வெச்சு, கீழே பேஸ் இருக்குன்னு மூளை தானா நிரப்பிக்குது. நல்ல ஹெட்போன் அதைக் காது வரைக்கும் கொண்டுவரும். நெஞ்சுக்கூடு அதிரணும்னா, ஆளுயர ஸ்பீக்கர் அடுக்குக்கு முன்னாடி போய்த்தான் நிக்கணும்.

ஒரு பாட்டை ஆயிரம் தடவை போன்ல கேட்ட ராக் ரசிகர், அதையே நேர்ல ஒரே ஒரு தடவை கேக்க ராத்திரி பஸ் ஏறிப் போறது இதுக்காகத்தான். "அதான் யூடியூப்லயே இருக்கே?"ன்னு வீட்டுல கேப்பாங்க. இருக்கு. ஆனா அது கல்யாண வீடியோ பார்க்கிற மாதிரி. பந்தியில உக்காந்து சாப்பிட்ட மாதிரி ஆகுமா?

சரி, பெரம்பலூர், அரியலூர்ல இருக்கிற ரசிகர் எங்கே போறது?

நம்ம நாட்டு மெட்டல் ரசிகர்கள் இன்னமும் பேசிக்கிட்டிருக்கிற ராத்திரிகளை எடுத்துக்கோங்க. 2007 மார்ச் 17, அயர்ன் மெய்டன், பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ். 2011 அக்டோபர் 30, மெட்டாலிகா, அதே பேலஸ் கிரவுண்ட்ஸ். 2025 ஜனவரியில் கோல்ட்ப்ளே வந்தப்போ மும்பையில மூணு நாள், அகமதாபாத்ல ரெண்டு நாள். தெற்குப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. (கோல்ட்ப்ளே எல்லாம் ராக்கான்னு சண்டைக்கு வராதீங்க, அதை கேன்டீன்ல வெச்சுக்கலாம்.) சென்னைன்னா ஐஐடியின் சாரங். நமக்குப் பக்கம்னா திருச்சி என்ஐடியின் ஃபெஸ்டம்பர், 1975ல தொடங்கினது.

பக்கம்னு சொன்னேன். போயிட்டுத் திரும்பி வந்து பாருங்க. என்ஐடி இருக்கிறது துவாக்குடியில. நிகழ்ச்சி முடிஞ்சு அங்கேருந்து திருச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்றதே ஒரு பாடு. சென்னை பஸ் ராத்திரி முழுக்க உண்டு, ஆனா "பெரம்பலூரா? ஏறாதீங்க"ன்னு சொல்ற கண்டக்டரும் உண்டு. ஏத்திக்கிட்டாலும் பைபாஸ்ல இறக்கிவிட்டுப் போயிடுவாங்க. அரியலூர்க்காரங்களுக்காவது ரயில் இருக்கு, பேர்லயே ராக் இருக்கிற ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸ் உட்பட. ஆனா அதைப் பிடிக்கணும்னா மெயின் பேண்ட் சூடு பிடிக்கிற நேரத்துல கிளம்பணும். பெரம்பலூருக்கு அந்த ரயிலும் கிடையாது, எந்த ரயிலும் கிடையாது.

இதெல்லாம் பசங்க படுற பாடு. கஷ்டம்தான், ஆனா மறுநாள் கதையா சொல்லிச் சிரிச்சுக்கலாம். "விடியற வரைக்கும் காதுல ங்ங்னு கேட்டுச்சுடா"ன்னு பெருமையடிக்கலாம். சாயங்காலமே ஹாஸ்டல் கேட் பூட்டிக்கிற ஒரு பொண்ணுக்கு இந்தக் கதையே கிடையாது. எந்தப் பாட்டுல எந்த இடத்துல டிரம்ஸ் மாறும்னு அவளுக்கும் அத்துப்படிதான். திருச்சியில ராத்திரி ஒன்பது மணிக்கு நடக்கிறது அவளைப் பொறுத்தவரைக்கும் செவ்வாய் கிரகத்துல நடக்கிற மாதிரி. வீட்டுல இருந்து வர்றவங்களுக்குக் கேட்டுக்குப் பதிலா கடைசி டவுன் பஸ். இது போக, டிக்கெட் காசை வீட்டுல கேக்க வாயே வராத பசங்களும் பொண்ணுங்களும் ஒவ்வொரு கிளாஸ்லயும் இருக்காங்க.

அதனால நான் சொல்ல வர்றது இதுதான். நாம கச்சேரிக்குப் போக முடியலன்னா, கச்சேரியை உள்ளே கொண்டுவருவோம். இந்த வருஷக் கல்ச்சுரல்ஸ்ல டிஜே நேரத்துல இருந்து ஒன்றரை மணி நேரத்தை எடுத்து, நம்ம மாணவர்களோட லைவ் பேண்டுக்குக் கொடுக்கணும். அதுவும் "கேர்ள்ஸ் எல்லாரும் ஹாஸ்டலுக்குக் கிளம்பலாம்"னு மைக்ல அறிவிக்கிறதுக்கு முன்னாடி கொடுக்கணும்.

டிஜே மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. ஆடுறதுக்கு அது வேணும்தான். ஆனா அங்க ஓடுறது நம்ம போன்ல ஏற்கெனவே இருக்கிற அதே பாட்டு, அதே ரெக்கார்டிங். லைவ்ல அப்படி இல்ல. டிரம்மர் பதற்றத்துல கொஞ்சம் வேகமா ஓடுவார், பேஸ் வாசிக்கிறவர் அவரைப் பிடிச்சு இழுப்பார். பாடுறவர் வரியை மறந்துட்டு மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டுவார், கூட்டம் பாடி முடிச்சுடும். அன்னைக்கு அந்த இடத்துல இருந்தவங்களுக்கு மட்டும் கிடைச்ச பாட்டு அது. அதுக்காகத்தான் ரசிகர் அத்தனை பஸ் மாறிப் போறார்.

"இந்த ஊர்ல யாருப்பா வாசிப்பாங்க?"ன்னு கேப்பீங்க. மாரியம்மன் திருவிழாவுக்கு விடிய விடிய நடக்கிற இன்னிசைக் கச்சேரியைப் பார்க்காம இந்த ரெண்டு மாவட்டத்துல யாராவது வளர்ந்திருக்கோமா? கீபோர்டு, ரிதம் பேட், பேஸ் கிதார், எல்லாம் லைவ்தான். எந்த ஸ்பீக்கரை எங்கே வெச்சா மைக் ஊளையிடாதுன்னு ஊர் மைக் செட்காரருக்குத் தெரியும். நாம அதை புக்ல ஃபீட்பேக்னு படிக்கிறோம், அவர் கையாலயே சரி பண்ணிடுவார். இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனோட குழுவுல ஊர் ஊரா மேடைக் கச்சேரிக்குப் போய் வளர்ந்தவர். ஏ.ஆர்.ரஹ்மான், 1992ல 'ரோஜா' வர்றதுக்கு முன்னாடியே சென்னையில நெமிஸிஸ் அவென்யூன்னு ஒரு ராக் பேண்டைத் தொடங்கினவர்.

ராக்குன்னாலே இங்கிலீஷ்லதான் கத்தணும்னு சட்டமும் இல்ல. இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கின 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரி 6 அன்னைக்கு சென்னை கீழ்ப்பாக்கத்துல முதல்முறையா மேடை ஏறுச்சு. கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடை. கிதாருக்குப் பக்கத்துல பறை. அதுல பாடினது சாதியைப் பத்தி, நம்ம தெருவைப் பத்தி. நம்ம பேட்ச்லயே பறை அடிக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்க. சர்ச்ல கீபோர்டு வாசிக்கிறவங்க இருக்காங்க. மெஸ் டேபிளை டிரம்ஸாக்கி வார்டன்கிட்ட திட்டு வாங்குறவங்க இருக்காங்க. இதுல நாலு பேரை ஒரு ரூம்ல உக்காரவெச்சா ஒரு பேண்ட் தயார்.

நிர்வாகம் பயப்படும். அந்தப் பயத்துல நியாயம் இருக்கு. 2023 நவம்பர் 25, கொச்சி பல்கலைக்கழகத்துல இன்ஜினியரிங் மாணவர்கள் நடத்தின டெக் ஃபெஸ்ட். இசை நிகழ்ச்சி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, திறந்தவெளி அரங்கத்து வாசல்ல நெரிசல். மூணு மாணவர்கள் உட்பட நாலு பேர் இறந்துட்டாங்க. நம்ம வயசுப் பசங்க, நம்ம மாதிரி ஒரு ஃபெஸ்ட். கூட்டம் ஒரே நேரத்துல வாசலை நெருக்க, உள்ளே இறங்குற படியில ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்தாங்க. அங்க பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லங்கிறதைக் கவனிங்க. வாசல் எத்தனை, படி எப்படி, உள்ளே எத்தனை பேர், மழை வந்தா என்ன பண்றது? இது எல்லாமே டிசைன் கேள்விகள். இன்ஜினியரிங் காலேஜ்ல இருந்துக்கிட்டு இதுக்குப் பதில் போடாம, "கச்சேரியே வேண்டாம்"னு முடிக்கிறது சரியில்ல. டிஜே நைட்டுக்கும் இதே கூட்டம்தானே வருது?

சத்தம்னு சொல்வாங்க. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாது. நாம கேக்கிறது சாயங்காலம் ஆறு மணியில இருந்து ஏழரை வரைக்கும். காதுக்கும் ஒரு அளவு இருக்கு. இசை நிகழ்ச்சிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022ல சொன்ன உச்சவரம்பு சராசரி 100 டெசிபல். மேலே சொன்னேனே, விடியற வரைக்கும் காதுல ங்ங்னு கேக்கிறதுன்னு? அது பெருமைப்படற விஷயமே இல்ல, காது தாங்காத அளவுக்குக் கேட்டுட்டோம்னு அர்த்தம். ஈசிஈ பசங்க ஒரு சவுண்ட் மீட்டரோட மிக்ஸர் பக்கத்துல நின்னா போதும்.

கேக்க வேண்டியதைப் பட்டியலாவே போட்டுடறேன்.

ஒண்ணு, பிராக்டிஸுக்கு ஒரு ரூம். வேலை செய்யற ரெண்டு பிளக் பாயின்ட் போதும். அந்த ரூம் பொண்ணுங்களும் வந்து போக முடியற நேரத்துல, இடத்துல இருக்கணும்.

ரெண்டு, கல்ச்சுரல்ஸ்ல ஆறு மணிக்கு லைவ். ஒரு டீமுக்கு இருபது நிமிஷம், நாலு டீம். டிஜே அதுக்கப்புறம் வரட்டும்.

மூணு, மேடைக்கு முன்னாடி பொண்ணுங்களுக்கும் சரிபாதி இடம். கடைசி வரிசை நாற்காலி வேண்டாம்.

நாலு, உள்ளே வர ஒரு வாசல்னா வெளியே போக ரெண்டு வாசல். திறந்தே இருக்கணும், பக்கத்துல வாலன்டியர்ஸ் நிக்கணும்.

அஞ்சு, முடிஞ்சதும் பெரம்பலூர் பக்கம் ஒரு காலேஜ் பஸ், அரியலூர் பக்கம் ஒரு காலேஜ் பஸ். டே ஸ்காலர்ஸ் பாதிப் பாட்டுல எழுந்து ஓடக்கூடாது.

இதுல எதுவுமே பெரிய செலவு இல்ல. சீஃப் கெஸ்ட்டா வர்ற சினிமா பிரபலத்துக்குப் போற காசோட ஒப்பிட்டா ஊர் மைக் செட் வாடகை ஒண்ணுமே இல்ல.

கல்ச்சுரல்ஸ் கமிட்டி கூடறதுக்கு முன்னாடி இதை ஒரு மனுவா எழுதிக் கொடுக்கணும். எழுதறது நான் பார்த்துக்கறேன். உங்க கிளாஸ்ல யார் என்ன வாசிப்பாங்கன்னு ஒரு லிஸ்ட் எடுங்க, அவங்க பேருக்குக் கீழே கேக்க வர்றவங்களும் கையெழுத்துப் போடுங்க. லேடீஸ் ஹாஸ்டல்ல இருந்து வர்ற கையெழுத்துத்தான் அதிகமா இருக்கணும், மேடை கேட்டுக்கு உள்ள வேணும்னு கேக்கிறது முதல்ல அவங்களுக்காகத்தான்.